வகுப்பறை யன்னலைத் திறப்பதா, மூடுவதா? பிள்ளைகளின் சுவாசத்தைக் காக்க அறிந்திருக்க வேண்டியவை

எமது பிள்ளைகள் எதைச் சாப்பிடுகிறார்கள், எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்பதில் நாம் மிகவும் கவனமாக இருக்கிறோம். அவர்கள் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு மனிதன் நாளொன்றுக்குக் குடிக்கும் நீர் இரண்டு அல்லது மூன்று லீற்றர். அவன் உள்ளிழுக்கும் காற்று ஏறக்குறைய 10,000 லீற்றர். தண்ணீர் கலங்கலாக இருந்தால் வடிகட்டலாம், கொதிக்க வைக்கலாம், குடிக்காமலும் விடலாம். காற்றை அப்படி ஒதுக்கி வைக்க முடியாது. அடுத்த மூச்சை இருக்கும் காற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இருபது வருடங்களுக்கு மேலாக வகுப்பறையில் நிற்பவன் நான். பெற்றோரிடமிருந்து இரண்டு வேண்டுகோள்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன. ஒருவர், “யன்னலை மூடி வையுங்க சேர், வீதிப் புகைக்கு மகனுக்கு முட்டு இழுக்குது” என்பார். இன்னொருவர், “யன்னலைத் திறந்து வையுங்க சேர், ஒரு பிள்ளைக்குத் தடிமன் வந்தா முழு வகுப்புக்கும் வருது” என்பார். இருவர் சொல்வதும் சரி. புகை வெளியிலிருந்து வருகிறது, அதற்கு யன்னலை மூட வேண்டும். கிருமி உள்ளிருந்து பரவுகிறது, அதற்கு யன்னலைத் திறக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில் பாடசாலையும் பெற்றோரும் எப்படித் தீர்மானம் எடுப்பது என்பதே இக்கட்டுரையின் விடயம்.

புகையில் இருப்பது என்ன?

கண்ணுக்குத் தெரியும் கரும்புகையை விட, கண்ணுக்குத் தெரியாத நுண்துணிக்கைகளே அதிக ஆபத்தானவை. 2.5 மைக்ரோமீற்றரும் அதற்குக் குறைந்த விட்டமும் கொண்ட துணிக்கைகளை ‘பி.எம். 2.5’ என்று அழைக்கின்றனர். மனித முடி ஒன்றின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே இதன் அளவு. பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். தும்மலாகவும் சளியாகவும் அது வெளியேறிவிடும். நுண்துணிக்கைகளோ சுவாசப்பையின் அடியிலுள்ள சிற்றறைகள் வரை செல்கின்றன. அவற்றுள் மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. எனவேதான் வளி மாசு ஆஸ்துமாவை மட்டுமன்றி மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் ஏற்படுத்துகின்றது. வீட்டுக்கு உள்ளும் வெளியிலும் ஏற்படும் வளி மாசினால் உலகில் வருடாந்தம் ஏறக்குறைய 70 இலட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்னரே மரணிப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது.

ஒரு கன மீற்றர் வளியில் பி.எம். 2.5 இன் வருடாந்தச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது அந்த ஸ்தாபனம் 2021 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டல். 2005 ஆம் ஆண்டு அது 10 மைக்ரோகிராமாக இருந்தது. குறைந்த அளவிலும் பாதிப்பு ஏற்படுகிறது என்பதற்கான சான்றுகள் சேர்ந்ததால் அதை அரைவாசியாகக் குறைத்தார்கள். இலங்கையில் 2008 ஆம் ஆண்டு வர்த்தமானியில் குறிக்கப்பட்ட எல்லை வருடத்துக்கு 25 மைக்ரோகிராம், 24 மணித்தியாலத்துக்கு 50 மைக்ரோகிராம். ஆகவே ‘இலங்கைத் தரத்துக்குள் உள்ளது’ என்ற செய்தியைப் பார்த்து முழுமையாக நிம்மதி அடைய முடியாது.

பிள்ளைகளுக்குப் பாதிப்பு அதிகம் என்பதற்குக் காரணங்கள் உண்டு. உடல் எடையோடு ஒப்பிடும்போது அவர்கள் பெரியவர்களை விட அதிக காற்றை உள்ளிழுக்கிறார்கள். ஓடி விளையாடும்போது வாயால் சுவாசிப்பதால் மூக்கின் வடிகட்டலும் இல்லாமல் போகிறது. அவர்களின் உயரம் வாகனங்களின் புகைக்குழாய்க்கு அண்மையானது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களின் சுவாசப்பை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயதில் குறையும் வளர்ச்சியைப் பிறகு ஈடுசெய்வது கடினம்.

எமது வானமும் எமது பள்ளத்தாக்கும்

தீவு நாடு, கடற்காற்று எல்லாவற்றையும் அடித்துச் சென்றுவிடும் என்ற எண்ணம் எம்மிடையே உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அது ஓரளவு உண்மைதான். ஆனால் நவம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தியப் பெருநிலப்பரப்பின் மாசும் சேர்ந்து எம்மை நோக்கி வருகின்றது. 2022 டிசம்பர் மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். வங்காள விரிகுடாவில் ‘மாண்டஸ்’ புயல் இருந்த அந்நாட்களில் யாழ்ப்பாணம், கொழும்பு, கண்டி உட்பட பல இடங்களில் வளித்தரம் ஆரோக்கியமற்ற மட்டத்தை அடைந்தது. டிசம்பர் 9 ஆம் திகதி நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன.

மலைநாட்டில் வேறொரு சிக்கல் உண்டு. கண்டி நகரம் மலைகளால் சூழப்பட்ட ஒரு கிண்ணம் போன்றது. இரவில் குளிர்ந்த காற்று அடியில் தங்க, அதன் மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமைந்துவிடும். காலையில் பஸ், முச்சக்கர வண்டி, பாடசாலை வேன் அனைத்தும் விடும் புகை அந்த மூடிக்குக் கீழேயே தேங்கி நிற்கும். வெயில் ஏறி நிலம் சூடாகும்போதுதான் அது கலையும். பிள்ளைகள் வீதியோரமாக நடந்து பாடசாலைக்கு வரும் நேரமும் காலை 7 மணியை அண்டியதுதான்.

இல்ல விளையாட்டுப் போட்டிகளுக்கான பயிற்சிகள் பெரும்பாலும் வருடத்தின் ஆரம்ப மாதங்களில் நடக்கின்றன. மரதன் ஓட்டப் பயிற்சியைப் பிரதான வீதியில் காலையிலேயே வைக்கும் வழக்கமும் உண்டு. வளி மாசு கூடிய காலத்தில், கூடிய நேரத்தில், கூடிய இடத்தில், வாயால் மூச்சிழுத்து ஓடுவதற்குப் பிள்ளைகளை அனுப்புகிறோம் என்பதே இதன் பொருள். பயிற்சியை உள்வீதிக்கோ மைதானத்துக்கோ மாற்றுவதற்கு ஒரு சதமும் செலவாகாது.

கிருமி எப்படிக் காற்றில் நிற்கிறது?

இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் பெரிய துளிகள் ஒன்றிரண்டு மீற்றருக்குள் கீழே விழுந்துவிடும். பேசும்போதும் பாடும்போதும் சாதாரணமாக மூச்சு விடும்போதும் வெளிவரும் மிக நுண்ணிய துளிகளோ சிகரெட் புகையைப் போல அறை முழுவதும் பரவி மிதக்கும். மூடிய அறையில் அவை மணிக்கணக்கில் நிற்கும். கைகழுவுவது முக்கியமானது, ஆனால் மிதக்கும் கிருமிக்குக் கைகழுவல் மருந்தாகாது.

இதை மறுக்க முடியாதபடி காட்டிய பரிசோதனை ஒன்று 1950 களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்தது. காசநோயாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியின் காற்றைக் குழாய் வழியாக மேல்தளத்தில் கினிப்பன்றிகள் இருந்த கூண்டுகளுக்கு அனுப்பினார்கள். நோயாளர்களை ஒருபோதும் நெருங்காத அந்த விலங்குகளுக்குக் காசநோய் தொற்றியது. புற ஊதாக் கதிர் விளக்கினூடாகச் செலுத்திய காற்றைச் சுவாசித்த விலங்குகளுக்குத் தொற்றவில்லை. நோயைக் கொண்டு சென்றது காற்று மாத்திரமே என்பது அதனால் உறுதியானது.

கொவிட்-19 காலத்தில் இன்னொரு சம்பவம் நடந்தது. 2020 மார்ச் 10 ஆம் திகதி வொஷிங்டன் மாநிலத்தில் 61 பேர் கொண்ட ஒரு பாடற்குழு இரண்டரை மணித்தியாலம் பயிற்சி செய்தது. அவர்களில் ஒருவருக்குத் தடிமன் போன்ற அறிகுறி இருந்தது. உறுதிப்படுத்தப்பட்டோரும் சந்தேகத்துக்குரியோருமாக 53 பேர் நோயுற்றனர், இருவர் மரணித்தனர். ஒரே அறை, நீண்ட நேரம், உரத்த குரல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சான்று. எமது பாலர் பாடசாலைகளிலும் பிள்ளைகள் சத்தமிட்டு ஓதும் குர்ஆன் மத்ரஸாக்களிலும் இந்த மூன்றும் தினமும் சேர்கின்றன. சத்தமாக ஓதுவதையோ பாடுவதையோ நிறுத்த வேண்டியதில்லை. அந்த அறைக்குக் காற்றோட்டம் வேண்டும்.

காற்றில் மிக வேகமாகப் பரவுவது சின்னமுத்து. நோயாளி அறையை விட்டு வெளியேறி இரண்டு மணித்தியாலம் வரை அதன் வைரஸ் காற்றில் தொற்றக்கூடிய நிலையில் இருக்கும். தடுப்பூசி பெறாதவர் அதற்கு ஆளானால் பத்தில் ஒன்பது பேருக்குத் தொற்றும். 2019 ஆம் ஆண்டு இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடாக உலக சுகாதார ஸ்தாபனத்தால் உறுதிப்படுத்தப்பட்டது. 2023 இல் அது மீண்டும் தலைகாட்டியது. 9 மாதத்திலும் 3 வயதிலும் கொடுக்கப்படும் எம்.எம்.ஆர். தடுப்பூசியைத் தவறவிட்ட பிள்ளைகள் இருந்தால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இப்போதும் கேட்டுப் பெறலாம். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

புகையும் கிருமியும் தனித்தனி எதிரிகள் அல்ல. எமது சுவாசக் குழாய்களின் உட்புறத்தில் நுண்ணிய பிசிர்கள் உண்டு. அவை இடைவிடாமல் அசைந்து, அகப்பட்ட தூசியையும் கிருமியையும் சளியோடு மேலே தள்ளுகின்றன. புகை அந்தப் பிசிர்களைச் செயலிழக்கச் செய்கிறது. இதனால்தான் விறகுப் புகை நிறைந்த வீட்டில் வளரும் சிறு பிள்ளைக்கு நியூமோனியா போன்ற தொற்று ஏற்படும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது.

யன்னல் பற்றிய கணக்கு

பொது இடங்களில் ஒருவருக்கு விநாடிக்கு 10 லீற்றர் புதிய காற்று தேவை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021 இல் பரிந்துரைத்தது. எமது பாடசாலைகளின் நூற்றுக்கு இருபத்தைந்து அடி கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். அதில் வழக்கமாக ஐந்து வகுப்புகள். ஒரு வகுப்பு 20 அடிக்கு 25 அடி, உயரம் 10 அடி என்றால் அதன் கொள்ளளவு ஏறக்குறைய 140 கன மீற்றர். 40 பிள்ளைகளுக்கு மணித்தியாலத்துக்கு 1,440 கன மீற்றர் புதிய காற்று வேண்டும். அதாவது அந்த அறையின் முழுக் காற்றும் மணித்தியாலத்துக்குப் பத்துத் தடவை மாற வேண்டும். தரம் 9 கணித பாடத்தில் பிள்ளைகளுக்கே கொடுக்கக்கூடிய கணக்கு இது.

பத்துத் தடவை என்றதும் பெரிய இயந்திரம் வேண்டும் என்று நினைக்கத் தேவையில்லை. பெரு நாட்டின் தலைநகர் லீமாவில் 8 வைத்தியசாலைகளின் 70 அறைகளில் செய்த ஆய்வொன்று 2007 இல் வெளியானது. யன்னல்களையும் கதவுகளையும் திறந்தபோது காற்று மணித்தியாலத்துக்கு 28 தடவை மாறியது. இயந்திரக் காற்றோட்டம் பொருத்திய அறைகளில் அது 12 தடவைதான். உயர்ந்த கூரையும் பெரிய யன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்கள் புதிய கட்டடங்களை விடச் சிறப்பாகச் செயற்பட்டன.

இரண்டு பக்கமும் அரைச் சுவரும், அதற்கு மேல் கம்பி வலையும் கொண்ட எமது பழைய வகுப்பறைகளை நினைத்துப் பாருங்கள். மழைச் சாரல் அடிக்கும், காகம் சாப்பாட்டுப் பெட்டியைத் தட்டிச் செல்லும் என்று நாம் குறை சொன்ன அந்தக் கட்டடங்கள் சுவாசத் தொற்றுக்கு எதிராக மிக நல்ல பாதுகாப்பைத் தருகின்றன. ஒரு பக்கத்து யன்னலை மட்டும் திறந்தால் காற்று உள்ளே வந்து தயங்கும். எதிரெதிர்ப் பக்கங்கள் திறந்திருந்தால்தான் அது ஊடறுத்துச் செல்லும். வெளிக்காற்றிலிருந்து வகுப்புக்குள் நுழைந்தவுடன் புழுங்கிய வாடை அடித்தால், நாற்பது பேர் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று விளங்கிக்கொள்ளலாம்.

இன்று நாம் அதற்கு எதிர்த் திசையில் போகிறோம். பழைய மாணவர்களும் தனவந்தர்களும் அன்போடு செய்து தரும் ‘ஸ்மார்ட்’ வகுப்பறைகளில் கண்ணாடி யன்னல்கள் நிரந்தரமாக மூடப்பட்டு குளிரூட்டி பொருத்தப்படுகின்றது. சுவரில் தொங்கும் சாதாரண குளிரூட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. அறையிலுள்ள அதே காற்றைத்தான் குளிர்வித்துத் திரும்ப விடுகிறது. கூரை மின்விசிறியும் காற்றைச் சுழற்றுமே தவிர மாற்றாது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நெருங்கியிருக்கும் டியூஷன் மண்டபங்கள், குளிரூட்டப்பட்ட திருமண மண்டபங்கள், பள்ளிவாசல்கள், யன்னல் பூட்டிய பாடசாலை வேன்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். குளிரூட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைப் பொருத்தும்போதே காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்றையும் பொருத்த வேண்டும். பாடம் மாறும் ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடமாவது யன்னல்களைத் திறந்துவிட வேண்டும்.

ஆகவே, ஆரம்பத்தில் எழுப்பிய கேள்விக்கு எனது பதில் இதுதான். வருடத்தின் பெரும்பாலான நாட்களில் யன்னல் இரு பக்கமும் திறந்தே இருக்க வேண்டும். அருகில் குப்பை எரிந்தால் அல்லது வாகனங்கள் புகை விட்டு நின்றால் அந்தப் பக்கத்தை மட்டும் மூடி, மறுபக்கத்தைத் திறந்து வைத்து, புகை வரும் இடத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். நாடு முழுவதும் புகைமூட்டம் சூழும் சில நாட்களில் வீதிப் பக்க யன்னல்களை மூடி, வெளி விளையாட்டுக்களை நிறுத்தி, இடைக்கிடை சிறிது நேரம் திறந்துவிடலாம். வளித்தரச் சுட்டெண் 100 ஐத் தாண்டினால் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கும், 150 ஐத் தாண்டினால் அனைவருக்கும் அது ஆரோக்கியமற்றது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளித்தரத்தை அளந்து வருகிறது. கைத்தொலைபேசியிலும் இதைப் பார்க்கலாம்.

புகையைத் தோன்றும் இடத்திலேயே நிறுத்துதல்

யன்னலைத் திறந்து வைக்க வேண்டுமென்றால் யன்னலுக்கு வெளியே புகை இருக்கக் கூடாது. இந்த இடத்தில் பாடசாலையே செய்ய வேண்டிய வேலைகள் உண்டு.

முதலாவது, பாடசாலையின் குப்பைக் குழி. காலையில் வளவைக் கூட்டி, சருகோடு பொலித்தீன் உறை, யோகட் கோப்பை, பேனாக் குழாய் எல்லாவற்றையும் சேர்த்துப் பிள்ளைகளின் கையாலேயே தீ வைக்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் தொடர்கிறது. ஈரச் சருகு புகைந்துகொண்டே இருக்கும். பிளாஸ்டிக் எரியும்போது டயொக்சின் போன்ற நச்சுக்கள் உருவாகும். பிளாஸ்டிக் கலந்த குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பர் மாத வர்த்தமானியினால் தடைசெய்யப்பட்டுள்ளது. சருகைக் கூட்டெருவாக்கி பாடசாலைத் தோட்டத்துக்குப் போடலாம். பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் பிரித்து உள்ளூராட்சி சபைக்கு ஒப்படைக்கலாம். குடியியற் கல்வியில் சட்டத்தை மதிக்கும்படி கற்பித்துவிட்டு, வெளியே போய் அதை மீறும்படி பிள்ளைகளை ஏவ முடியாது.

இரண்டாவது, வாயிலில் நிற்கும் வேன்கள். பாடசாலை 1.30 க்கு விடும், டீசல் வேன்கள் ஒரு மணியிலிருந்தே இயந்திரத்தை நிறுத்தாமல் வரிசையில் நிற்கும். ‘இயந்திரத்தை நிறுத்தவும்’ என்ற ஒரு பலகையும், சாரதிகளுடன் அதிபரின் ஒரு சந்திப்பும் போதும். பெரும்பாலான சாரதிகள் எமது ஊர்ப் பிள்ளைகளின் வாப்பாமார்தான். காரணத்தை எடுத்துச் சொன்னால் கேட்பார்கள்.

மூன்றாவது, வீட்டு அடுப்படி. 2022 இல் எரிவாயு கிடைக்காமல் வரிசையில் நின்றபோது விறகுக்குத் திரும்பிய வீடுகள் அநேகம். செலவு கருதி இன்றும் விறகில் சமைப்போரைக் குறைகூற முடியாது. ஆனால் காய்ந்த விறகு ஈர விறகை விடக் குறைவாகப் புகையும். அனகி போன்ற திருத்திய மண் அடுப்புக்கு விறகு குறைவாகவே தேவைப்படும். புகைபோக்கியோ கூரைத் திறப்போ இல்லாவிட்டால் எந்த அடுப்பின் புகையும் வீட்டுக்குள்ளேதான் தங்கும். சமைக்கும் உம்மாவின் இடுப்பிலும் மடியிலும் இருக்கும் குழந்தை அவருக்குச் சமமாகப் புகையைச் சுவாசிக்கிறது. சமைக்கும் நேரத்தில் குழந்தையை இன்னொருவர் வைத்துக்கொள்வது செலவில்லாத பாதுகாப்பு.

நான்காவது, நுளம்புச்சுருள். 2003 இல் வெளியான ஆய்வொன்றின்படி ஒரு நுளம்புச்சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துணிக்கைகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்குச் சமன். மூடிய அறையில் பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே அதை வைத்துவிட்டு உறங்குகிறோம். டெங்குக்குப் பயந்தே பலர் இதைச் செய்கின்றனர். டெங்கைப் பரப்பும் நுளம்போ பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் பகல் வெளிச்சத்தில் கடிப்பது. இரவுக்கு நுளம்பு வலை போதும். டெங்குக்கு நீர் தேங்கும் இடங்களை அழிப்பதே வழி. சாம்பிராணி, ஊதுபத்தி என்பனவும் புகைதான். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. சிகரெட் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. முற்றத்தில் புகைத்துவிட்டு வந்தாலும் உடையிலும் மூச்சிலும் அது வீட்டுக்குள் வருகிறது.

வகுப்பறைக்குள் வெண்கட்டித் தூசியும் உண்டு. அது பெரிய துணிக்கை, ஆழமாகச் செல்லாது. எனினும் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு உறுத்தும். கரும்பலகையை ஈரத்துணியால் துடைப்பதும், முட்டு உள்ள பிள்ளையை முன்வரிசையின் நடுவில் இருத்தாமல் விடுவதும் போதுமானது.

பிள்ளை இருமினால்

சாதாரணத் தடிமன் ஒரு கிழமையில் தணிந்துவிடும். காய்ச்சலும் இருமலும் உள்ள நாட்களில் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பதே நல்லது. முழு வரவுக்கான சான்றிதழ் கொடுத்துப் பாராட்டும் பாடசாலைகள், நோயோடு வந்த நாட்களையும் சேர்த்துத்தான் பாராட்டுகிறோம் என்பதை யோசிக்க வேண்டும்.

சிறு குழந்தைகளின் மூச்சை எண்ணப் பழகுங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தை 60 தடவை அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதம் வரையான குழந்தை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரையான பிள்ளை 40 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் அது நியூமோனியாவின் அறிகுறியாக இருக்கலாம். நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளிழுபட்டால், உதடு நீலித்தால், பால் குடிக்க முடியாவிட்டால் விடியும் வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். காசநோய் ஒழிந்துவிட்டதாக நினைப்பவர்கள் பலர். இலங்கையில் வருடாந்தம் 8,000 க்கு மேற்பட்ட புதிய நோயாளர்கள் கண்டறியப்படுகின்றனர். ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள மார்பு சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆறு மாதம் தவறாமல் மருந்தெடுத்தால் பூரணமாகக் குணமாகும். சிகிச்சை தொடங்கிய சில கிழமைகளில் பெரும்பாலானோர் மற்றவருக்குத் தொற்றும் நிலையிலிருந்து நீங்கிவிடுவர். பாத்திரத்தாலோ உடையாலோ இது தொற்றாது. எனினும் பெண் பிள்ளையின் கலியாணம் தடைப்படும், ஊர் கதைக்கும் என்று மறைக்கும் வீடுகள் உண்டு. மறைத்த இருமல் மூடிய அறையில் முழுக் குடும்பத்தையும் தொற்றும். நோயை மறைப்பவரைக் குறைகூறுவதற்கு முன், மறைக்கும்படி செய்யும் ஊர்ப் பேச்சை நாம் நிறுத்த வேண்டும்.

ஆஸ்துமா விடயத்தில் எம்மிடமுள்ள பெரிய தடை ‘பம்ப்’ பற்றிய பயம். ‘பழகிவிடும்’, ‘கடைசிக் கட்டத்துக்குத்தான் பம்ப்’ என்ற கதைகளால் பிள்ளைக்குக் குளிசையும் பாணி மருந்தும் கொடுத்துக் காலம் கடத்துகிறார்கள். கணக்கைப் பாருங்கள். சல்பியூட்டமோல் குளிசை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து உண்டு. பம்பின் ஒரு அழுத்தலில் 100 மைக்ரோகிராம். ஒரு குளிசை நாற்பது அழுத்தல்களுக்குச் சமன். பம்ப் மருந்து நேராகச் சுவாசக் குழாய்க்குச் செல்வதால் சிறிய அளவே போதுமாகிறது. முட்டு வராமல் தடுக்கத் தினமும் எடுக்கும் பம்ப் வேறு, வந்தபின் தணிக்கும் பம்ப் வேறு. முதலாவதை ‘இப்போது சுகம்தானே’ என்று வைத்தியரைக் கேட்காமல் நிறுத்துவதால்தான் அநேகமானோர் திரும்பவும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகின்றனர். பிள்ளைக்கு ஆஸ்துமா உள்ளது என்பதை வகுப்பாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். தணிக்கும் பம்ப் பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும், அலுமாரியில் பூட்டி வைக்கும் பொருள் அல்ல அது.

முகக்கவசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருமுபவர் அணியும் சாதாரண சத்திரசிகிச்சை முகக்கவசம் மற்றவர்களைக் காக்கும். துணிக் கவசம் நுண்துணிக்கைகளைப் பெரிதாகத் தடுக்காது. முகத்தோடு பொருந்தும் என்-95 வகைக் கவசம் மிக நுண்ணிய துணிக்கைகளில் 95 வீதத்தைத் தடுக்கும். ஓரத்தில் இடைவெளி இருந்தால் அந்தப் பயன் இல்லை. புகைமூட்ட நாட்களில் முதியவர்களும் இருதய, சுவாச நோயுள்ளவர்களும் அதை அணிவது பொருத்தம்.

செய்தால் மாற்றம் வருமா?

வரும் என்பதற்கு எமது நாட்டிலேயே சான்று உண்டு. 2002 ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2008 இல் வாகனப் புகைப் பரிசோதனை ஆரம்பமானது. இவை தொடங்கியபோதும் முடியாது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். தென் கலிபோர்னியாவில் பிள்ளைகளின் சுவாசப்பை வளர்ச்சியை வருடக் கணக்கில் அளந்தார்கள். அங்கு வளி மாசு குறைந்துவந்த காலத்தில், 15 வயதில் சுவாசப்பைச் செயற்பாடு குறைவாக இருந்த பிள்ளைகளின் வீதம் 7.9 இலிருந்து 3.6 ஆக இறங்கியது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. காற்று சுத்தமானது, பிள்ளைகளின் சுவாசப்பை நன்றாக வளர்ந்தது.

தேசிய மட்டத்தில் செய்ய வேண்டியவை நிறைய உண்டு. அவை எமது கையில் இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் எமது கையில் உள்ளது. அடுத்த கூட்டத்துக்குச் செல்லும் பெற்றோர் இந்த ஐந்தைக் கேளுங்கள். எமது பிள்ளைகளின் வகுப்பறையில் இரு பக்கமும் யன்னல் திறக்கிறதா? குளிரூட்டிய அறைகளில் காற்றை வெளியேற்றும் விசிறி உள்ளதா? பாடசாலைக் குப்பை எங்கே போகிறது? வாயிலில் வாகனங்கள் இயந்திரத்தை நிறுத்துகின்றனவா? ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பட்டியல் வகுப்பாசிரியரிடம் உள்ளதா?

இவற்றில் பெரிய செலவுள்ள ஒன்றுகூட இல்லை. சுவருக்கு நிறம் பூசுவதற்கும் வாயில் வளைவு கட்டுவதற்கும் நிதி சேர்க்கும் நாம், துருப்பிடித்துத் திறக்க முடியாமல் கிடக்கும் யன்னல் பிணைச்சல்களை முதலில் மாற்றுவோம்.